மேஜர் மறுபடியும் கேப்டன் ஆனது தண்டனையா?

இரண்டாம் உலகப் போரின் பர்மாப் போர்முனையில் பிரிட்டிஷ் தலைமையிலான பதினான்காம் படையில் பணியாற்றிய தம் தாத்தாவைப் பற்றிக் குடும்ப வரலாறு எழுதிவரும் வாசகர் ஒருவர் ஒரு சந்தேகத்துடன் எழுதியிருக்கிறார். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்லிம் 1918-இல் மேஜராக இருந்தார் என்று ஒரு பட்டியலும், 1919-இல் கேப்டன் என்று மற்றொன்றும், 1933-இல்தான் மேஜர் ஆனார் என்று மூன்றாவதும் சொல்கின்றனவாம். பழைய ஆவணங்களை எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒருவர், ஸ்லிம் இராணுவ விசாரணையில் பதவி இறக்கப்பட்டார், அந்தக் கோப்பு இலண்டனில் முத்திரையிடப்பட்டுக் கிடக்கிறது, 45,000 ரூபாய் தந்தால் நகல் வாங்கித் தருகிறேன் என்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம். உங்கள் மூன்று பட்டியல்களும் சரியானவையே. அவற்றுக்குள் முரண்பாடு எதுவும் இல்லை.

நம் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றால், மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியராக இருப்பார். புதியவர் வந்ததும் மறுபடியும் ஆசிரியராகத் தம் வகுப்புக்குத் திரும்புவார். அதை யாரும் பதவி இறக்கம் என்று சொல்வதில்லை. முதல் உலகப் போரில் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது, பிரிட்டிஷ் இராணுவம் இளையவர்களுக்குத் தற்காலிகமாக மேல்பதவி கொடுத்தது. போர் முடிந்ததும் அவர்கள் தங்கள் நிலையான பதவிக்குத் திரும்பினார்கள். ஸ்லிம் 1914 ஆகஸ்டில் தற்காலிக இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தவர். 1915-இல் கலிப்போலியில் படுகாயமுற்று, 1916-இல் மேற்கிந்தியப் படைப்பிரிவில் நிரந்தரப் பதவி பெற்று, மெசபடோமியாவில் மறுபடியும் காயமடைந்து, மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். 1918 நவம்பரில் அவருக்குக் கிடைத்த மேஜர் பதவி தற்காலிகமானது. 1919 மே மாதம் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்துக்கு முறையாக மாற்றப்பட்டபோது அவர் நிலையான பதவியில் கேப்டன்.

புகைப்படத்தை வைத்து முடிவு செய்வோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தோளில் மூன்று நட்சத்திரம் இருந்தால் கேப்டன், ஒற்றைக் கிரீடம் இருந்தால் மேஜர். ஆனால் அந்தக் கிரீடம் தற்காலிகமானதா, நிலையானதா என்பதைத் தோள்பட்டை சொல்லாது.

இதில் ஒரே ஒரு விலக்கை மட்டும் நீங்கள் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் உங்கள் அடுத்த குழப்பம் நிச்சயமாக அங்கேதான் வரும். 'பிரெவெட்' என்று ஒரு பதவி உண்டு. அது தற்காலிகப் பதவி அன்று, முழுமையான நிலைப்பதவியும் அன்று. திறமையான ஓர் அதிகாரிக்கு அவருடைய ரெஜிமெண்டில் இடம் காலியாகும் வரை காத்திராமல், இராணுவம் முழுமைக்குமான மூப்பு வரிசையில் மேல்பதவியை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பிரெவெட். ரெஜிமெண்டுக்குள் அவர் பழைய பதவியிலேயே இருப்பார், சம்பளமும் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். வெளியே அவரை மேல்பதவியின் பெயரால் அழைப்பார்கள். ஸ்லிம் 1930-இல் பிரெவெட் மேஜர், 1933-இல் நிலையான மேஜர், 1935-இல் பிரெவெட் லெப்டினன்ட் கர்னல், 1938-இல் நிலையான லெப்டினன்ட் கர்னல். ஆகவே 1931-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் 'மேஜர் ஸ்லிம்' என்றும், அதே ஆண்டின் ரெஜிமெண்ட் வரிசையில் 'கேப்டன்' என்றும் இருந்தால் இரண்டையும் நம்புங்கள். எழுதும்போது 'பிரெவெட்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்; அதை விட்டால் உங்கள் நூலைப் படிக்கும் அடுத்தவர் இதே குழப்பத்தில் சிக்குவார்.

ஸ்லிமின் பதவி உண்மையிலேயே பறிபோகும் நிலைக்கு வந்த தருணம் ஒன்று உண்டு. ரங்கூன் மீட்கப்பட்ட 1945 மே மாதத்தில், அவருடைய மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரைப் பதினான்காம் படையிலிருந்து விலக்கிப் பர்மாவிலேயே நிற்கும் பன்னிரண்டாம் படைக்கு அனுப்ப முயன்றார். ஸ்லிம் அதைப் பதவி நீக்கமாகவே எடுத்துக்கொண்டார். படைக்குள் எழுந்த கொந்தளிப்பில் அந்த முடிவு கைவிடப்பட்டது. லீஸே நீக்கப்பட்டு, அவர் இடத்துக்கு ஸ்லிம் வந்தார். இது இரகசியமன்று, வெளிப்படையாகப் பலமுறை எழுதப்பட்டது. பதவிப் பட்டியலிலோ இதன் சுவடே கிடையாது. அங்கே நீங்கள் காண்பது 1945 ஜூலையில் அவர் ஜெனரல் ஆனார் என்ற ஒரே வரி. இறக்கம் போலத் தெரியும் 1919-இல் ஒன்றுமே நடக்கவில்லை. உண்மையான நெருக்கடி வந்த 1945-இல் பட்டியல் ஏற்றத்தைக் காட்டுகிறது.

இனி அந்த 'முத்திரையிட்ட கோப்பு'. இராணுவ நீதிமன்றத்தால் நீக்கப்பட்ட அதிகாரிகளின் பெயரும் 'லண்டன் கெசட்' அரசிதழில் வெளிவரும். அந்த அரசிதழ் முழுவதும் இணையத்தில் இலவசம். பழைய இராணுவப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் காசு வாங்காமல் வைத்திருக்கிறது. கெசட்டில் தேடும்போது வெளியான நாளையும், பதவி நடைமுறைக்கு வந்த நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே பல மாத இடைவெளி இருக்கக்கூடும்.

தரகர்கள் பிழைப்பது எங்கே என்றால், ஆவணங்கள் இரண்டு இடங்களில் பிரிந்து கிடப்பதில்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகளாக இருந்து 1922-க்கு முன் விலகியவர்களின் கோப்புகளில் எஞ்சியவை இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இந்திய இராணுவ அதிகாரிகளின் ஆவணங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் தேட வேண்டும். ஒரே மனிதர் இரண்டு இராணுவத்திலும் பணியாற்றியிருந்தால், ஓரிடத்தில் தேடி 'இல்லை' என்ற பதிலைப் பெற்று, அதையே 'மறைத்துவிட்டார்கள்' என்று விற்கிறார்கள். நூறாண்டு கழிந்த பின்னும் இந்த இரண்டு தொகுப்புகளும் இப்படிப் பிரிந்தே கிடக்கும் நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள் உங்களைப் போன்ற குடும்பங்கள்தாம். என்னிடம் வந்த ஒரு குடும்பம் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய 'சான்றளிக்கப்பட்ட கோப்பு', இலவச கெசட்டின் பதினொரு பக்க அச்சுப்படி. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஓர் ஊதா நிற ரப்பர் முத்திரை இருந்தது.

இதே ஆட்கள் அடுத்த கட்டமாகப் பதக்கம் விற்க வருவார்கள். பர்மா ஸ்டார் என்பது ஆறு முனையுள்ள வெண்கல நிற நட்சத்திரம். அதன் நாடாவில் நடுவே சிவப்பு, இருபுறமும் கருநீலம், நீலத்தின் நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடு இருக்கும். பிரிட்டிஷ் இராணுவத்தாருக்கு அரசு வழங்கிய அந்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. எனவே 'இது ஸ்லிமின் அலுவலகத்தில் இருந்த இன்னாருடையது' என்று ஒருவர் சொன்னால், நட்சத்திரத்தால் அதை மெய்ப்பிக்க முடியாது. நீங்கள் பணம் கொடுப்பது கூடவே வரும் கதைக்குத்தான். உங்கள் தாத்தாவின் பதக்கம் வீட்டில் இருந்தால், எக்காரணம் கொண்டும் 'சரிபார்த்துத் தருகிறேன்' என்பவர் கையில் அதைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

அந்தத் தரகருக்கு முன்பணம் ஏதேனும் கொடுத்துவிட்டிருந்தால், அவர் சொல்லும் கோப்பு எந்த நிறுவனத்தில் இருக்கிறது, அதன் குறியீட்டு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இரு நிறுவனங்களின் அட்டவணைகளையும் யாரும் தேடிப் பார்க்கலாம். கோப்பு திறக்கப்பட்டதா, மூடப்பட்டதா என்பதும், எந்த ஆண்டு வரை என்பதும் கியூவின் அட்டவணையில் குறிக்கப்பட்டிருக்கும். எண் தர மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நூலில் நீங்கள் எழுத வேண்டிய வரி இதுதான்: 'ஸ்லிம் 1918 நவம்பரில் தற்காலிக மேஜர், 1919 மே மாதத்தில் இந்திய இராணுவத்தில் கேப்டன், 1930-இல் பிரெவெட் மேஜர், 1933-இல் நிலையான மேஜர்.'