ஸ்கேனில் தெரியாவிட்டால் அது நோய் இல்லையா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. காதில் குரல் கேட்கிறது என்கிறான். மனச்சிதைவு நோய் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘மனநோய் என்பதே கட்டுக்கதை, ஒரு மனநல டாக்டரே சொல்லியிருக்கிறார்’ என்று வீடியோ காட்டி, மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறான். என்ன செய்வது?

பதில்: முதலில் மாத்திரை. திடீரென்று நிறுத்த விடாதீர்கள். தூக்கக் கலக்கம், எடை கூடுவது என்று தொந்தரவு இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம்.

வீடியோவில் வருபவர் அநேகமாக தாமஸ் சாஸ், அமெரிக்க மனநல மருத்துவர். உடலில் கோளாறைக் காட்ட முடியாவிட்டால் அது நோயே அல்ல, வாழ்க்கைச் சிக்கல் என்று 1961-இல் புத்தகமே போட்டார். ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்து 1973-இல்தானே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் எடுத்தது? ஆனால் அவர் கணக்குப்படி ஒற்றைத் தலைவலியும் நோய் இல்லை. அதற்கும் ஸ்கேன் பெரும்பாலும் நார்மல்தான். இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு உதவுகிறவர் கார்ல் யாஸ்பர்ஸ். ஹைடல்பர்க்கில் மனநல டாக்டராக இருந்து பிறகு தத்துவத்துக்குப் போனவர். நோய்க்குக் காரணம் தேடுவது வேறு, நோயாளியின் மனதைப் புரிந்துகொள்வது வேறு, இரண்டும் வேண்டும் என்று 1913-லேயே எழுதினார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தனக்கு விடும் மிரட்டல் என்று நம்பி, எத்தனை மணிக்கு எத்தனை விசில் என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். வெறும் விசில் மிரட்டலாகக் கேட்பதில் மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பங்கு உண்டு, மாத்திரை பிடிப்பதும் அங்கேதான். சரி, ஏன் குறிப்பாக அந்த வீடு? அந்த வீட்டுக்காரரிடம் கடன் வாங்கியிருந்தார் என்பது மூன்றாவது தடவை வந்தபோதுதான் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. (இப்படிப்பட்ட நம்பிக்கை பிறக்கும் இடம் நமக்கு எட்டவே எட்டாது என்பார் யாஸ்பர்ஸ். அங்கே மட்டும் எனக்கும் அவருக்கும் தகராறு.)

அதனால் தம்பியிடம் ‘குரலெல்லாம் பொய்’ என்று வாதாடாதீர்கள், ‘ஆமாம், எனக்கும் கேட்கிறது’ என்றும் சொல்ல வேண்டாம். யார் குரல், எப்போது கேட்கிறது, என்ன சொல்கிறது என்று கேளுங்கள். செத்துப்போ, யாரையாவது அடி என்று அது சொன்னால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலிமானஸ் இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.