காஸ்பல் பாடகரின் உள்ளன்பு இசையைத் தாண்டி விசுவாசத்தை எப்படிக் கொண்டுசேர்க்கிறது?

காஸ்பல் என்பது அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் வளர்ந்த கிறிஸ்தவப் பாடல் மரபு. அதில் பாட்டு ஒரு சாட்சி. பாடகர் தான் பட்டதையும் நம்புவதையும் சபைமுன் சொல்கிறார். புகழ்பெற்ற காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சனைக் கேட்டுப் பாருங்கள். ஒரே சொல்லை இழுத்து, விட்டு, மறுபடி பிடிப்பார். மூச்சு வாங்குவதைக்கூட மறைக்கமாட்டார். நைட் கிளப் வாய்ப்புகளை மறுத்தவர். பாடியதும் வாழ்ந்ததும் ஒன்றாக இருந்ததால்தான் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் அவர் குரல் அத்தனை பேரை அசைத்தது. போனில் அம்மா "நல்லா இருக்கேன்" என்றால், அது நிஜமா, வெறும் சமாளிப்பா என்று குரலே காட்டிக்கொடுத்துவிடும், இல்லையா? அதே காதுதான் இங்கும் கேட்கிறது. அப்புறம், மனசு இருந்தால் பயிற்சி வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். மஹாலியாவோ சிறுவயதிலிருந்தே சபைப் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர்.