பூட்டும் சாவியும் மட்டும் போதுமா?

கேள்வி: ஹார்மோன் ஒரு சாவி, செல்லின் மேலிருக்கும் ஏற்பி ஒரு பூட்டு என்று பள்ளியில் படித்தோம். சாவி பொருந்தினால் வேலை முடிந்தது. ‘சிக்னல் புரதங்கள்’ என்று இன்னொரு கூட்டத்தை நுழைத்து ஏன் குழப்புகிறீர்கள்?

பதில்: வேலை அங்கே முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த ஹார்மோன் எந்த ஏற்பியில் சேரும் என்று சொல்ல உங்கள் உவமை போதும், சரி. ஆனால் அட்ரினலின் என்ற ஹார்மோன் செல்லுக்குள் போய் எதையும் செய்வதில்லை. வெளியே ஏற்பியில் ஒட்டுகிறது, பிறகு விலகிவிடுகிறது. அப்புறம் உள்ளே நடப்பதெல்லாம் யாரால்?

1950-களில் ஏர்ல் சதர்லேண்ட், தியோடர் ரால் என்ற ஆய்வாளர்கள் கல்லீரலை அரைத்து இதைத்தான் தேடினார்கள். செல்லின் சவ்வுத் துணுக்குகளை நீக்கிய தெளிந்த நீரில் அட்ரினலினை விட்டால் பலன் இல்லை. நீக்கிய துணுக்குகளோடு அட்ரினலினையும் செல்லின் எரிபொருளான ஏடிபியையும் சேர்த்து, கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைத் தெளிந்த நீரில் ஊற்றினார்கள். கிளைக்கோஜனை (கல்லீரல் சேமித்து வைக்கும் சர்க்கரையை) உடைக்கும் நொதி முடுக்கம் பெற்றது! கொதித்தும் கெடாத அந்தச் சின்ன மூலக்கூறுதான் சைக்ளிக் ஏஎம்பி. 1971-இல் சதர்லேண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பிக்கும் சைக்ளிக் ஏஎம்பிக்கும் நடுவில் இருக்கும் சிக்னல் புரதம்தான் ஜி-புரதம். சும்மா இருக்கும்போது இரண்டு பாஸ்பேட் கொண்ட குவனோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அட்ரினலின் சேர்ந்ததும் ஏற்பியின் உள்பக்கம் கொஞ்சம் விரியும். அந்த இடுக்கில் ஜி-புரதத்தின் நுனி செருகிக்கொள்ளும். உடனே அதன் பிடி தளரும். டைபாஸ்பேட் நழுவி, அந்த இடத்தில் மூன்று பாஸ்பேட் கொண்ட டிரைபாஸ்பேட் வந்து உட்காரும். புரதத்தின் ஆல்பா பகுதி பிரிந்து போய், சைக்ளிக் ஏஎம்பி தயாரிக்கும் நொதியை முடுக்கிவிடும்.

அந்த சைக்ளிக் ஏஎம்பி இதயத் தசையில் துடிப்பை வலுவாக்குகிறது. மூச்சுக்குழல் தசையிலோ இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஹார்மோன் ஒன்று, இடையில் வரும் மூலக்கூறும் ஒன்று, பலன் நேர் எதிர். அதைத் தீர்மானிப்பவை அந்தந்தச் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள்.

இதில் என்னை மிகவும் கவர்வது நிறுத்தும் விதம். ஆல்பா பகுதி தான் பிடித்திருக்கும் டிரைபாஸ்பேட்டில் ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டி, தன்னை அணைத்துக்கொள்கிறது. காலராக் கிருமியின் நச்சு கை வைப்பது இந்த வெட்டில்தான். குடல் செல்லின் ஜி-புரதம் அணையாமல் எரிந்துகொண்டே இருக்க, சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் போய்விடும். இத்தனைக்கும் எந்த ஹார்மோனும் எந்த ஏற்பியிலும் வந்து சேர வேண்டியதில்லை. உங்கள் பூட்டையும் சாவியையும் மட்டும் வைத்து இதை எப்படி விளக்குவீர்கள்?