பெரியப்பா கேட்ட கேள்வியும் உங்கள் மகளின் படிப்பும்

"படம் பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று பெரியப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. மகள் கலை வரலாறு கேட்கிறாள். வீடு, கடன் வாங்கியாவது பொறியியலில் சேர்க்கப் பார்க்கிறது. கவலை புரிகிறது. ஆனால் அந்தக் கடனைப் பெரியப்பா அடைக்கப்போவதில்லை. பிடிக்காத வேலையில் உட்கார்ந்து அவள்தான் அடைக்க வேண்டும்.

ஓவியர், ஆசிரியர் என்ற வழிகள் உங்களுக்கே தெரியும். கல்லூரிக் கலை அருங்காட்சியகங்களில் கல்விப் பிரிவு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கிடங்கில் இருக்கும் சேகரிப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் முதியோரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கொண்டுசேர்ப்பது இவர்கள் வேலை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் மருத்துவ மாணவர்களே நோயாளியைக் கூர்ந்து பார்க்கப் பழக, ஓவியத்தின் முன் நிற்கிறார்கள். அங்கேயே உள்ள ஓபர்லின் கல்லூரியின் அருங்காட்சியகம் 1940-களிலிருந்து அசல் படைப்புகளையே மாணவர்களுக்கு ஒரு பருவ வாடகைக்குக் கொடுக்கிறது. விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம்.

வேலையின் நுணுக்கம் இங்கே. பார்க்க வரும் ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம், மூன்றே படைப்புகள். அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் வகுத்த முறையில் கேள்விகளும் மூன்றுதான்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? எடுத்தவுடன் ஓவியர் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிட்டால் கூட்டம் வாயடைத்துப்போகும், விடைதான் வந்துவிட்டதே!

வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால், காகிதப் படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான். சில மாதம் வைத்துவிட்டு மறுபடி இருட்டுப் பெட்டிக்குள் போய்விடும். குழு வரும் தேதியைச் எந்தப் படைப்பு எங்கே, எப்போது இருக்கும் என்று கவனிக்கும் சேகரிப்புப் பதிவாளரிடம் முன்பே பேசி வைக்காவிட்டால், வந்தவர்கள் வெறும் சுவரைத்தான் பார்ப்பார்கள். இதைவிடப் பெரிய பிழை, ஒரு கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்து, பக்கத்தில் ஒட்டும் குறிப்பட்டையும் அச்சடித்த பிறகு அக்கம்பக்கத்து மக்களை அழைப்பது. திறப்பு விழாவுக்கு வருவார்கள், அதோடு சரி. தேர்வுக்கு முன்பே அவர்களோடு உட்கார வேண்டும். அவர்கள் நேரத்துக்கான ஊதியமும் பேருந்துச் செலவும் திட்டச் செலவிலேயே இருக்க வேண்டும்.

பணியிடங்கள் குறைவு, பல ஒப்பந்த வேலை, சம்பளமும் சுமார்தான். மறைக்கவில்லை. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பெரிய பெயருள்ள முதுகலைக்கும் கடன் வேண்டாம். இளங்கலையில் சேர்ந்ததும் ஒரு அருங்காட்சியகத்தில் மாணவ வழிகாட்டியாக ஒரு பருவம் வேலை பார்க்கட்டும். கேள்வி கேட்டபின் எழும் பத்து நொடி மௌனத்தில் தானே பதில் சொல்லாமல் காத்திருக்க அவளால் முடிகிறதா என்று பார்த்துவிட்டு, முதுகலையைப் பற்றிப் பேசலாம்.