கிரிப்டோ விற்ற பணத்தால் வங்கிக் கணக்கு முடங்கினால் எக்ஸ்சேஞ்ச் பொறுப்பாகுமா?

கேள்வி: நான் ஈரோட்டில் சிறிய அளவில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். நண்பர் சொன்னதால் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கி, டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யுஎஸ்டிடி என்ற காயினைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்தேன். போன மாதம் அதில் ஒரு பகுதியை அதே ஆப்பில் உள்ள பி2பி (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை) மூலம் 48,000 ரூபாய்க்கு விற்றேன். பணம் வந்ததும் காயினை விடுவித்தேன். பத்து நாளில் என் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. ஹைதராபாத் சைபர் கிரைம் போலீஸ் சொல்லி நிறுத்தியதாக வங்கியில் சொல்கிறார்கள். கணக்கில் 3,20,000 ரூபாய் இருக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. எக்ஸ்சேஞ்சிடம் கேட்டால், "அது உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான விஷயம்" என்கிறார்கள். அவர்கள் மீது வழக்குப் போடலாமா? அங்கே மீதி கிடக்கும் காயின்கள் பத்திரமா?

பதில்: வழக்கு அப்புறம், முதலில் கணக்கைத் திறக்கும் வேலையைப் பார்ப்போம். ஆனால் போலீஸிடம் விளக்கம் சொல்வதற்கு முன், அந்த 48,000 எந்த வழியாக வந்தது என்பது உங்களுக்கே தெளிவாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டேஷனுக்குப் போய் உளறி, சாட்சியாக இருக்க வேண்டியவர்கள் சந்தேக நபராக மாறிய கதைகள் உண்டு.

எக்ஸ்சேஞ்சை உங்கள் ஊர் மஞ்சள் மண்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் ஒரு விலை சொல்கிறார், வாங்குபவர் ஒரு விலை சொல்கிறார், இரண்டும் பொருந்தும் இடத்தில் வியாபாரம் முடிகிறது, மண்டிக்குக் கமிஷன். ஆப்பில் சாதாரணமாக 'வாங்கு', 'விற்பனை' அழுத்தும்போது நடப்பது இதுதான். உங்கள் ரூபாயும் காயினும் கம்பெனியின் கைவசமே இருக்கும், கணக்கேட்டில் பற்று வரவு மட்டும் மாறும். காயின் யார் கையில் என்று பதிவாகும் பொதுக் கணக்கேடான பிளாக்செயினில் பெரும்பாலும் எதுவுமே நகர்வதில்லை. நீங்கள் காயினை வெளியே சொந்த வாலட்டுக்கு அனுப்பும்போதுதான் அது உண்மையில் இடம் மாறுகிறது.

பி2பி அப்படி இல்லை. நீங்கள் விற்க ஒப்புக்கொண்டதும் எக்ஸ்சேஞ்ச் உங்கள் காயினை மட்டும் பூட்டி வைக்கிறது. பணத்தை வாங்குபவர் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு யுபிஐயிலோ ஐஎம்பிஎஸ்ஸிலோ அனுப்புகிறார். வந்தது என்று நீங்கள் பட்டனை அழுத்தினால் பூட்டு திறந்து காயின் அவருக்குப் போகிறது. அந்தப் பணம் எக்ஸ்சேஞ்ச் வழியாக வருவதே இல்லை. அது யாருடைய பணம் என்று பார்க்கும் பொறுப்பு, உங்களுக்குத் தெரியாமலே உங்கள் தலையில் விழுந்துவிட்டது.

மோசடிக்காரனுக்கு இது வசதி. 'வீட்டிலிருந்தே வேலை' என்று ஹைதராபாத்தில் ஒருவரை ஏமாற்றி, "இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்" என்று உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுகிறான். அவர் போட்ட பணம் உங்களுக்கு, உங்கள் காயின் அவனுக்கு. ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்ததும், பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வங்கிகளுக்குத் தகவல் போகிறது. முதலில் மாட்டுவது நீங்கள்தான். வங்கி ஸ்டேட்மெண்டை எடுத்து, பணம் அனுப்பியவர் பெயரும் ஆப்பில் அந்த ஆர்டரில் இருக்கும் வாங்குபவர் பெயரும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். வேறு வேறு என்றால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். ஒரே பெயர் என்றால், அவருக்கு முந்தைய கையில் ஏதோ கறை இருக்கிறது. அது உங்களுக்குச் சற்று நல்ல நிலை.

வங்கி மேலாளர் வாய்ச்சொல்லாகச் சொன்னது போதாது. எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, அந்தத் தொகைக்கு மட்டும் லியனா (அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பது) அல்லது முழுக் கணக்கும் முடக்கமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே, 48,000 ரூபாய்க்கு மட்டும் லியன் வைத்துவிட்டு மீதியை எடுக்க அனுமதிக்கும்படி எழுதுங்கள். சந்தேகத் தொகை ஒன்று, முடக்கிய தொகை பல மடங்கு என்ற வழக்குகளில், அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க விடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பல சமயம் முறையான கடிதத்துக்கே வங்கி இறங்கி வரும்.

அடுத்து விசாரணை அதிகாரி. ஆர்டர் எண், அந்த ஆர்டரில் நடந்த சாட், நீங்கள் அந்த யுஎஸ்டிடியை முதலில் எப்போது என்ன பணத்தில் வாங்கினீர்கள் என்ற விவரம், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். எதையும் அழிக்காதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால் இந்த ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்தால் அதில் போட்டிருக்கும் பிரிவு எண்ணை முதலில் படியுங்கள். இப்போது நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 94 என்றால் ஆவணம் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம். 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். அந்தப் பிரிவில் தன் நிலைய எல்லைக்குள்ளோ பக்கத்து நிலைய எல்லைக்குள்ளோ இருப்பவரைத்தான் அழைக்க முடியும், ஈரோட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு வா என்று சொல்ல முடியாது. 35(3) என்றால் உங்களைச் சந்தேக வளையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை அலட்சியப்படுத்தினால் கைது வரை போகலாம், வழக்கறிஞர் இல்லாமல் பதில் தராதீர்கள்.

"48,000-ஐப் புகார்தாரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கணக்கைத் திறந்துவிடுகிறோம்" என்று போனில் யாராவது சொன்னால் உடனே அனுப்பாதீர்கள். பேசுவது போலீஸ்தானா என்பதே தெரியாது. உண்மையான போலீஸாக இருந்தாலும், எழுத்தில் இல்லாத சமரசம் உங்களைக் காப்பாற்றாது.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் இரண்டு வழி. முடக்கியதை விடுவிக்கக் கேட்டு, வழக்கு உள்ள ஊர் மாஜிஸ்திரேட்டிடம் அதே சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில் மனுப் போடுவது ஒன்று. கணக்கு முடக்கத்தை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 106ஆம் பிரிவு சொல்கிறது, தெரிவித்தார்களா என்று அங்கே கேட்கலாம். கணக்கு ஈரோடு கிளையில் இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது இன்னொன்று. அலைச்சலைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

"கிரிப்டோவே சட்டவிரோதம்" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட தடைச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. லாபத்துக்கு 30 சதவீத வருமான வரியும் செஸ்ஸும் உண்டு, விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) உண்டு. அந்த டிடிஎஸ் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பலரும் பி2பி பக்கம் போகிறார்கள். பி2பியிலும் பிடிக்க வேண்டிய கடமை சட்டத்தில் இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் காட்டியிருந்தால், நீங்கள் ஒளித்து வியாபாரம் செய்யவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

இப்போது எக்ஸ்சேஞ்ச். கேட்டதும் பணம் தரும் வழக்கு இது இல்லை. அவர்கள் விதிமுறையில் பெயர் பொருந்தாத பணத்தை ஏற்காதீர்கள் என்று எழுதியிருப்பார்கள், நீங்கள் டிக் போட்டிருப்பீர்கள். ஆனால் வாங்கியவரின் கேஒய்சி போலி என்றோ, முன்பே புகார் வந்த கணக்கைத் தொடர விட்டார்கள் என்றோ தெரிந்தால் சேவைக் குறைபாடு என்று ஈரோடு நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஷரத்து அதைத் தடுக்காது. நீங்கள் வியாபார நோக்கில் வாங்கி விற்றவர், நுகர்வோரே இல்லை என்று அவர்கள் வாதிடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

மீதி காயின்கள் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 அக்டோபர் உத்தரவு உங்களுக்குச் சாதகம். வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலை 18 அன்று ஹேக்கர்கள் சுமார் 230 மில்லியன் டாலர் மதிப்புள்ள காயின்களைத் திருடினார்கள். திருடு போனவை எத்தீரியம் பிளாக்செயினில் இயங்கும் ஈஆர்சி-20 வகை டோக்கன்கள். ஆனால் எக்ஸ்ஆர்பி என்ற வேறு வகைக் காயின் 3,532 வைத்திருந்த முதலீட்டாளரின் கணக்கும் முடக்கப்பட்டது, நஷ்டத்தை எல்லோரும் பகிர வேண்டும் என்றது கம்பெனி. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. கிரிப்டோ ஒரு சொத்து, பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடியது என்று சொல்லி, சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார். அது இடைக்கால உத்தரவுதான், வழக்கின் இறுதி முடிவு அல்ல.

உங்கள் எக்ஸ்சேஞ்ச் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு இல்லாத வெளிநாட்டுக் கம்பெனி என்றால், நோட்டீஸ் அனுப்ப இங்கே ஒரு முகவரி கூடக் கிடைக்காமல் போகலாம், அங்கே காயினை விட்டுவைக்காதீர்கள். ஆனால் விசாரணை நடக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் வெளியே மாற்றினால் ஒளிக்கப் பார்த்ததாகத் தோன்றும். அதிகாரிக்கு அனுப்பும் விளக்கத்திலேயே இருப்பையும் மாற்றப் போவதையும் எழுதிவிட்டு, அதன் பிறகு மாற்றுங்கள்.