டாக்டர் வாழ்ந்த வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டர்பனில் எங்கள் பகுதி ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த டாக்டரின் பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. வாங்குகிறவர் இடித்துவிடுவார் என்று பேச்சு. சங்கத்தில் பணம் திரட்டி, உரிமையாளரிடம் கேட்டு, வெள்ளையடித்துக் கல்வெட்டு வைக்கலாமா?

– வாசகர், டர்பன்

அன்புள்ள வாசகருக்கு,

வெள்ளையடிப்பதை நிறுத்தி வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபு வளங்கள் சட்டம், 34ஆம் பிரிவின்படி, 60 ஆண்டு கடந்த கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கக்கூடாது, மாற்றவும் கூடாது. வண்ணம் அடிப்பதும் பூசுவதும்கூட அச்சட்டத்தில் மாற்றம்தான். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அனுமதி தருவது அமாஃபா என்ற மரபுரிமை அமைப்பு. வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தும் அதே சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும்.

முதல் வேலை, அது அவர் வீடுதான் என்று காகிதத்தில் நிறுவுவது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கிரே தெரு இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் குணம் தெரு. டாக்டர்களுக்கு நகரம் செய்த நல்ல மரியாதை அது. ஆனால் பழைய முகவரியை வைத்துத் தேடினால் வேறு வாசலில் போய் நிற்பீர்கள். மாநகராட்சியில் மனையின் எர்ஃப் எண்ணை, அதாவது மனைப் பதிவு எண்ணை, வாங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பழைய பத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். டாக்டர் பெயர் இல்லையென்றால் சோர வேண்டாம்; வாடகைக்கு இருந்திருக்கலாம். ஊராரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட பிரேபிஸ் டைரக்டரியின் பழைய தொகுதிகளை ஆண்டுவாரியாகப் புரட்டுங்கள். சர்ஜரி, அதாவது நோயாளிகளைப் பார்க்கும் இடம், ஒரு தெருவிலும் குடியிருப்பு வேறு தெருவிலும் இருந்ததா என்பதும் தெரியவரும். மாநகராட்சியில் கட்டட வரைபடம் கிடைத்தால், அதிலுள்ள ஒப்புதல் தேதியே வயதுக்குச் சான்று.

பிறகு வீட்டைப் பாருங்கள். நோயாளிகளை வீட்டிலேயே பார்த்திருந்தால், வராந்தாவிலிருந்து பக்க அறைக்குத் தனி வாசல் இருந்திருக்கலாம். அடைத்த கதவின் விளிம்பு பூச்சில் நேர்கோட்டு விரிசலாகத் தெரியும். உள்ளே கைகழுவும் தொட்டியின் குழாய் அடையாளமும் இருக்கலாம். என் கணக்கில் அந்த வீட்டின் உயிர் அந்த அறைதான். அளந்து, படமெடுத்து வையுங்கள்.

அனுமதி கிடைத்த பின்னும் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மூச்சுவிட வேண்டும். அந்த மூச்சு வழியை அடைத்தால் டர்பன் கடற்காற்றின் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிப் பூச்சு உப்பி உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். மரத்தளத்துக்குக் கீழே வெளிச்சுவரில் காற்றுத் துளைகள் இருக்கும். முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டவர்கள் அவற்றை மூடியிருந்தால் தளம் அடியிலிருந்து அழுகிக்கொண்டிருக்கும். பெயிண்ட் வாங்கும் முன் அவற்றைத் திறக்க வேண்டும்.

சான்றுகள் சேர்ந்ததும், விற்பனை முடியும்வரை காத்திராமல் அமாஃபாவுக்கு எழுதுங்கள். இடிக்க விண்ணப்பம் வரும்போது உங்கள் கோப்பு அங்கே முன்பே இருக்க வேண்டும். கல்வெட்டில் அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகளை, பத்திரத்திலும் டைரக்டரியிலும் கண்டபடியே பொறியுங்கள்.