வீடு மாமியார் பேரில் இருக்கிறது. எனக்கு உரிமை உண்டா?

கேள்வி: பாம்பன் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். கடலில் பாசி எடுக்கிறேன். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தினமும் குடி, அடி. பாசிக்காசையும் பிடுங்கிக்கொள்கிறார், நகையெல்லாம் அடகில். "வீடு என் பேரில், வெளியே போ" என்கிறார் மாமியார். பிள்ளைகளோடு தொண்டியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அவரை ஜெயிலுக்கு அனுப்ப மனமில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டால் உடனே யாரையும் பிடித்து உள்ளே வைத்துவிட மாட்டார்கள். 'அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குக் கொடுக்க வேண்டும்' என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்கிற மனு அது. போலீஸ் கேஸ் வேறு.

வீடு மாமியார் பேரில் இருந்தால் என்ன? நீங்கள் மருமகளாக வாழ்ந்த வீடு அது. கணவர் பெயரில் இல்லாத வீட்டிலும் மனைவிக்கு வசிக்கும் உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்து உங்களுடையது ஆகிவிடாது. ஆனால் சட்டப்படி அல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. கணவரை வெளியே போகச் சொல்லிக்கூட கோர்ட் உத்தரவிடலாம். மாமியாரை அப்படிச் சொல்ல முடியாது. அவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாதென்றால் வேறு வீடு, வாடகை கேளுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் நிம்மதி.

பாசிக்காசைப் பிடுங்குவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். வியாபாரியின் கணக்கு நோட்டு, அடகுச் சீட்டு, ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். செலவுப்பணம் தராமல் இழுத்தடித்தால், அவர் கூலியிலிருந்து படகு ஓனரே நேராக உங்களிடம் கொடுக்கும்படி உத்தரவு வாங்கலாம். தடைக்காலத்தில் வருமானமே இல்லை என்பார். தடை 61 நாள்தான். மீதி நாளெல்லாம் எங்கே போனது?

தொண்டியில் இருப்பதால் திருவாடானை கோர்ட்டிலேயே மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், மனு போட உதவுவார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் என்கிறது சட்டம். நடப்பில் தள்ளிப்போகும், அதனால் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் பேசக் கூப்பிட்டால் சரி, போங்கள். ஆனால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகும் அவர் கை நீட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவு நகலை கோர்ட் இலவசமாகவே தரும். ஸ்டேஷனுக்குப் போகும்போது அது கையில் இருக்க வேண்டும். நடுராத்திரியில் ஆபத்தென்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள்.